கொட்டைக்கு வரியில்லை, அரைத்தால் வரி: கோகோ வழியே ஐரோப்பிய வணிகக் கொள்கை

கானாவின் கோகோ கிராமங்களில் பெரிய அறுவடை அக்டோபர் வாக்கில் சூடுபிடிக்கும். காய்களை உடைத்து, வெள்ளைச் சதை ஒட்டிய ஈர விதைகளை வாழையிலை பரப்பிக் குவித்து, மேலேயும் இலை போட்டு மூடிவைப்பார்கள். ஆறு நாள் புளிக்க வேண்டும். நடுவில் இரண்டு முறையாவது கிளறிவிட வேண்டும். விட்டுவிட்டால் உள்ளே காற்றுப் படாத விதைகள் சரியாகப் புளிக்காமல் கருஞ்சாம்பல் நிறத்திலேயே நின்றுவிடும், அவற்றில் சாக்லேட் மணம் ஏறாது. பிறகு மூங்கில் தட்டியில் பரப்பி ஒரு வாரம், பத்து நாள் வெயில். ஈரப்பதம் 7.5 சதவீதத்துக்கு இறங்க வேண்டும். 8ஐத் தாண்டினால் கப்பலில் பூஞ்சை பிடிக்கும். ஒரு கிலோ காய்ந்த கொட்டைக்கு 20 முதல் 25 காய் வேண்டும். 64 கிலோ மூட்டை ஒன்று நிறைய ஏறக்குறைய 1,300 காயாவது உடைத்திருக்க வேண்டும். பொள்ளாச்சித் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராகக் கோகோ போட்டவர்களுக்கு இந்த வேலையின் பாடு தெரியும்.

அந்த மூட்டை ஆம்ஸ்டர்டாம் துறைமுகத்தில் இறங்கும்போது ஐரோப்பிய ஒன்றியம் வாங்கும் சுங்க வரி பூஜ்யம். எந்த நாட்டிலிருந்து வந்தாலும் பூஜ்யம். அதே கொட்டையைக் கானாவின் டெமா துறைமுகத்திலேயே வறுத்து, தோல் நீக்கி, அரைத்து, விழுதாக அனுப்பினால் பொது வரி 9.6 சதவீதம். விழுதைப் பிழிந்து கோகோ வெண்ணெயாக அனுப்பினால் 7.7. மிஞ்சும் பிண்ணாக்கைத் தூளாக்கினால் 8. சாக்லேட்டாகவே செய்து அனுப்பினால் 8.3, அதோடு உள்ளே இருக்கும் சர்க்கரைக்கும் பாலுக்கும் தனிக் கணக்கு. வளரும் நாடுகளுக்கான பொதுச் சலுகைத் திட்டத்தில் விழுதுக்கு 6.1, வெண்ணெய்க்கு 4.2, தூளுக்கு 2.8 என்று குறைகிறது. முழுப் பூஜ்யம் கொட்டைக்கு மட்டும்தான்.

ஆறும் ஒன்பதும் சின்ன எண்கள்தானே என்று தோன்றலாம். அரைவை ஆலையின் கணக்குப் புத்தகத்தில் வைத்துப் பார்த்தால்தான் அவற்றின் கனம் தெரியும். ஒரு டன் கொட்டையில் தோலும் ஈரமும் போக 800 கிலோ விழுது வரும். ஒரு கணக்குக்காக விழுதின் விலையை 100 என்று வைத்துக்கொள்வோம். அதில் 85 கொட்டை வாங்கிய செலவு. மின்சாரம், கூலி, வட்டி, இயந்திரத் தேய்மானம், லாபம் எல்லாம் மிச்சமுள்ள 15-க்குள் அடங்க வேண்டும். ஆனால் சுங்கத்தில் வரி போடுவது அந்த 15 மீது அல்ல, முழு 100 மீது. அதாவது 9.6 என்ற பொது வரி, ஆலை தன் உழைப்பால் கூட்டிய மதிப்பில் 64 சதவீதத்துக்குச் சமம். சலுகை வீதமான 6.1 என்றாலும் 40 சதவீதம் ஆகிறது. ஆம்ஸ்டர்டாமை அடுத்த ஸாண்டாமில் இருக்கும் ஆலை அதே கொட்டையை வரியில்லாமல் இறக்கி அரைக்கிறது. கொட்டை விலை ஏறும் ஆண்டில் இது இன்னும் மோசம். 2024-இல் உலகச் சந்தையில் டன் 10,000 டாலரைத் தாண்டியதே, அப்படிப்பட்ட ஆண்டில் அரைவைக் கூலி அதே இடத்தில் நிற்க, சதவீத வரி மட்டும் கொட்டை விலையோடு சேர்ந்து மேலே போகும்.

பதப்படுத்தப் பதப்படுத்த வரி ஏறும் இந்தப் படிக்கட்டு கோகோவுக்கு மட்டும் உரியதல்ல. ஆனால் இங்கே ஒரு திருத்தம் தேவை. ‘இந்த வரியால்தான் ஆப்பிரிக்கா சாக்லேட் செய்வதில்லை’ என்று எழுதுகிறவர்கள் உண்டு. இன்றைய நிலையில் கானாவும் ஐவரி கோஸ்ட்டும் விழுதுக்கோ வெண்ணெய்க்கோ ஐரோப்பாவில் வரி கட்டுவதில்லை. மிகவும் பின்தங்கிய நாடுகள் பட்டியலில் உள்ள டோகோ, லைபீரியா, சியரா லியோன் ஆகியவையும் கட்டுவதில்லை; 2001 முதல் நடப்பில் இருக்கும் ‘ஆயுதம் தவிர அனைத்தும்’ திட்டத்தில் அவற்றுக்கு எல்லாமே பூஜ்யம். ஐவரி கோஸ்ட் இன்று அரைவை அளவில் நெதர்லாந்தோடு முதலிடத்துக்குப் போட்டி போடுகிறது, ஆலைகளில் பெரும்பகுதி பன்னாட்டு நிறுவனங்களுடையது என்றாலும். சாக்லேட் வராததற்கு மின்கட்டணம், வங்கி வட்டி, இறக்குமதி செய்யவேண்டிய பால்பவுடர், குளிர்பதனக் கிடங்கு எல்லாம் காரணம். அப்படியானால் அந்தப் படிக்கட்டுக்கு இப்போது என்ன வேலை? அது பேரத்தில் எடுத்துக் காட்டும் பிரம்பாக இருக்கிறது. கையெழுத்துப் போட்டால் பூஜ்யம், போடாவிட்டால் படிக்கட்டு.

இந்தப் பேரம் எப்படி வந்தது என்பதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1975-இல் டோகோவின் தலைநகர் லோமேயில், ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகமும் ஆப்பிரிக்க, கரீபிய, பசிபிக் நாடுகள் 46-ம் ஒரு உடன்படிக்கை செய்தன. முன்னாள் காலனிகளின் சரக்குக்கு ஐரோப்பா வரிச்சலுகை தரும், பதிலுக்கு அந்த நாடுகள் தங்கள் வரியைக் குறைக்கத் தேவையில்லை. ஏறக்குறைய கால் நூற்றாண்டு அப்படி ஓடியது. ஆனால் லத்தீன் அமெரிக்க வாழைப்பழ ஏற்றுமதி நாடுகள், ‘நாங்களும் வளரும் நாடுகள்தான், முன்னாள் காலனிகளுக்கு மட்டும் ஏன் தனிச் சலுகை’ என்று கேட்டன. உலக வணிக அமைப்பின் விதிப்படி அந்தக் கேள்வி நியாயமானது. 2000-இல் கையெழுத்தான கோட்டனு உடன்படிக்கை பழைய சலுகைக்கு இடைக்கால ஆயுள் கொடுத்தது. அதற்கான விதிவிலக்கு 2007 டிசம்பர் 31-உடன் முடிந்தது. அதற்குப் பதிலாக ஐரோப்பா முன்வைத்தது ‘பொருளாதாரக் கூட்டாண்மை ஒப்பந்தம்’. இதில் இரண்டு பக்கமும் வரி குறைக்க வேண்டும். மேற்கு ஆப்பிரிக்காவுக்கான வரைவில் 20 ஆண்டுக் காலத்தில் பொருள் இனங்களில் 75 சதவீதத்துக்கு வரியை நீக்க வேண்டும் என்று இருந்தது.

மிகவும் பின்தங்கிய நாடுகளுக்கு இதில் கையெழுத்திட அவசரம் இல்லை. கையெழுத்துப் போட்டாலும் போடாவிட்டாலும் அவற்றின் சரக்குக்கு ஐரோப்பாவில் பூஜ்ய வரிதான். நெருக்கடி, அந்தப் பட்டியலில் இல்லாமல் நடுவில் நின்ற நாடுகளுக்குத்தான். கானாவையும் ஐவரி கோஸ்ட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். டெமாவிலும் அபிஜானிலும் சூரை மீன் டப்பாவில் அடைக்கும் ஆலைகள் உண்டு. ஒப்பந்தம் இல்லாவிட்டால் அந்த டப்பாவுக்குப் பொதுச் சலுகையிலேயே 20.5 சதவீதம், சலுகையும் இல்லாவிட்டால் 24 சதவீதம். அந்த வரியில் எந்த ஆலையும் நிற்க முடியாது. ஐவரி கோஸ்ட் 2008 நவம்பரில் தனியாகக் கையெழுத்திட்டது. கானா 2016 ஜூலையில். நைஜீரியா இன்றுவரை பொது வரைவில் கையெழுத்திடவில்லை. அதனால் நைஜீரியக் கோகோ வெண்ணெய் பொதுச் சலுகை வீதமான 4.2 சதவீதம் கட்டி உள்ளே போகிறது, பக்கத்து நாட்டு வெண்ணெய் வரியில்லாமல் போகிறது.

பிரம்பு நிஜமாகவே விழுந்த இடம் கென்யா. கிழக்கு ஆப்பிரிக்கச் சமூகத்தில் அன்றைக்கு இருந்த ஐந்து நாடுகளில் தான்சானியா, உகாண்டா, ருவாண்டா, புருண்டி நான்கும் மிகவும் பின்தங்கியவை. கென்யா மட்டும் அந்தப் பட்டியலில் இல்லை. நான்கு பேருக்கு அவசரமில்லாத பேச்சுவார்த்தை இழுத்துக்கொண்டே போனது. ஐரோப்பா 2014 அக்டோபர் 1 என்று கெடு வைத்திருந்தது. அந்த நாள் கடந்ததும் கென்யாவின் சலுகை நின்றது. நைவாஷா ஏரிக்கரைப் பசுமைக்குடில்களில் வெட்டி, அதே இரவு விமானத்தில் ஏற்றி, நெதர்லாந்து ஏலக்கூடத்துக்குப் போகும் ரோஜாவுக்கு 8.5 சதவீதம் வரை வரி விழுந்தது. பூ கெட்டுப்போகும் சரக்கு. விலை படியவில்லை என்று கிடங்கில் வைத்துக் காத்திருக்க முடியாது. ஏலத்தில் விலை அன்றன்று தீர்மானமாவதால் வரியை வாங்குபவர் தலையில் கட்டவும் முடியாது. அக்டோபரில் பேச்சு முடிந்து, டிசம்பர் 25-இல் சலுகை திரும்பி வந்தது. ஏறக்குறைய மூன்று மாதம் அந்த வரியைப் பூப்பண்ணைகள் சுமந்தன. கென்யா கடைசியில் 2023 டிசம்பரில் தனியாகவே கையெழுத்திட்டது. 2024 ஜூலை 1 முதல் அது நடப்பில் இருக்கிறது.

இந்த ஒப்பந்தங்களால் ஏற்படும் சேதங்களில் வெளியில் அதிகம் பேசப்படாதது, பக்கத்து நாடுகளுக்கு இடையே விழும் பிளவு. மேற்கு ஆப்பிரிக்க நாடுகள் பொதுவான வெளிநாட்டு வரி ஒன்றை 2015 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தன. எல்லோரும் ஒரே வரி போட்டால் எல்லையில் லாரியை நிறுத்திச் சோதிக்கத் தேவையில்லை, அதுதான் அதன் பயன். ஆனால் ஒரு ஐரோப்பிய இயந்திரம் கானாவில் வரியில்லாமல் இறங்கி, நைஜீரியாவில் வரியோடு இறங்கினால், கானா வழியாக நைஜீரியாவுக்குள் போகும் ஒவ்வொரு பெட்டியையும் திறந்து எந்த நாட்டுச் சரக்கு என்று பார்த்தாக வேண்டும். எடுத்துவிட நினைத்த சோதனைச் சாவடி அப்படியே நிற்கும். இன்னொன்று வருவாய். ஊருக்குள் நடக்கும் வியாபாரத்தில் பெரும்பகுதி ரசீதில்லாமல் நடக்கும் நாட்டில் விற்பனை வரி வசூலிப்பது கடினம். துறைமுகம்தான் அரசுக்குக் கைக்கு எட்டும் இடம். அங்கே வரியை நீக்கினால் அந்தப் பணத்தை வேறு எங்கே பிடிப்பது என்பதற்குச் சுலபமான விடை கிடையாது.

கோழிக்கறி விஷயத்துக்கு வருவோம். இதில்தான் காரணத்தைத் தவறாகச் சொல்பவர்கள் அதிகம். கானாவின் டோர்மா வட்டாரம் கோழிப்பண்ணைகளுக்குப் பேர்போனது. அங்கே கறிக்கோழி வளர்ப்புச் செலவில் 60 முதல் 70 சதவீதம் தீவனம், அதாவது மக்காச்சோளமும் சோயாப் பிண்ணாக்கும். ஐரோப்பாவில் இருந்து வருவது முழுக்கோழி அல்ல. அங்கே நுகர்வோர் நெஞ்சுக்கறிக்கு நல்ல விலை கொடுக்கிறார்கள். கோழி வளர்த்த செலவும் லாபமும் ஏறக்குறைய அதிலேயே வந்துவிடுகிறது. தொடை, இறக்கை, முதுகு, கழுத்து ஆகியவற்றை என்ன விலைக்கு விற்றாலும் வரவு. மைனஸ் 18 டிகிரியில் உறைந்து, 25 டன்னுக்கு மேல் கொள்ளும் குளிர்பெட்டகங்களில் அவை டெமாவுக்கு வருகின்றன. இந்த விலையோடு மோதுவது எந்தப் பண்ணைக்காரராலும் ஆகாது, எவ்வளவு திறமையாக வளர்த்தாலும் சரி. ஏனென்றால் அவர் ஒரு முழுக்கோழியின் செலவை அந்தத் தொடையிலும் சேர்த்து எடுக்க வேண்டும்.

இதற்கு ஏற்றுமதி மானியமோ கூட்டாண்மை ஒப்பந்தமோ நேரடிக் காரணம் அல்ல. கோழிக்கான ஏற்றுமதி மானியத்தை ஐரோப்பா 2013-இலேயே பூஜ்யமாக்கிவிட்டது. ஒப்பந்தத்தில் கோழிக்கறி வரி நீக்கப் பட்டியலுக்கு வெளியே இருக்கிறது, கானாவில் அதற்கு 35 சதவீத வரி இன்றும் உண்டு. வரி இருந்தும் போதவில்லை என்பதுதான் நிலைமை. ஏன் அதிகமாகப் போடவில்லை என்று கேட்டால் 2003-க்குப் போக வேண்டும். அந்த ஆண்டு கானா நாடாளுமன்றம் 641-ஆம் சட்டத்தின் மூலம் கோழிக்கறி வரியை 20-இலிருந்து 40 சதவீதமாக உயர்த்தியது. நடைமுறைக்கு வந்த சில வாரங்களிலேயே, பன்னாட்டு நாணய நிதியத்தோடு (ஐ.எம்.எஃப்.) நடந்த பேச்சுக்குப் பின் அரசு அதை நிறுத்தியது. பண்ணையாளர்கள் நீதிமன்றம் போய் 2005-இல் வென்றார்கள். நாடாளுமன்றம் அந்தச் சட்டத்தையே நீக்கிவிட்டது. ஐரோப்பிய வேளாண்மையின் விலை அமைப்பும், கடன் கொடுத்தவர்களின் நிபந்தனையும், நுகர்வோருக்கு மலிவுக்கறி வேண்டும் என்ற உள்ளூர் அரசியலும் ஒரே இடத்தில் சேர்ந்து அழுத்தும்போது, எந்த ஒன்றை மட்டும் நீக்கினாலும் பண்ணை பிழைக்காது.

இறக்குமதி பெருகி உள்ளூர்த் தொழில் அடிபட்டால் பாதுகாப்பு வரி போட ஒப்பந்தங்களில் வழி இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. தென்னாப்பிரிக்கா ஐரோப்பிய உறைகோழிக்கு எதிராக அதைப் பயன்படுத்தி 2018 செப்டம்பரில் 35.3 சதவீதம் வரி விதித்தது. ஐரோப்பா நடுவர் குழுவுக்குப் போனது. 2022 ஆகஸ்டில் அந்த வரி ஒப்பந்தத்துக்கு ஒத்துவரவில்லை என்று குழு சொன்னது. விசாரணைக்கும் வரிக்கும் இடையே அதிகக் காலம் ஓடி, புள்ளிவிவரம் பழையதாகிவிட்டது என்பது காரணங்களில் ஒன்று. இறக்குமதி பெருகியதை நிரூபிக்க ஆவணம் திரட்டவே மாதக்கணக்கில் ஆகும். தென்னாப்பிரிக்காவுக்கே இப்படி என்றால், வணிகச் சட்ட வழக்கறிஞர்கள் விரல்விட்டு எண்ணும் அளவில் உள்ள சிறிய நாடு அந்த வழியில் இறங்கவே தயங்கும்.

மூலப்பொருளை உள்நாட்டிலேயே பதப்படுத்த வைக்க அரசிடம் இருக்கும் பழைய கருவி ஏற்றுமதி வரி. ஐவரி கோஸ்ட் கோகோ கொட்டைக்கு 14.6 சதவீத ஏற்றுமதி வரி போடுகிறது. அரைத்து அனுப்பினால் குறைவாக வாங்குகிறது. ஐரோப்பியப் படிக்கட்டைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டது மாதிரி. இந்தோனேசியா 2010-இல் கொட்டைக்கு ஏற்றுமதி வரி போட்ட பிறகு அங்கே அரைவை கூடியது. ஆனால் கூட்டாண்மை ஒப்பந்தங்களில் ஏற்கெனவே இருக்கும் ஏற்றுமதி வரியை வைத்துக்கொள்ளலாம், புதிதாகப் போடுவதும் உயர்த்துவதும் பெரும்பாலும் தடை என்ற ஷரத்து இருக்கிறது. இறக்குமதி வரியை விட இந்த ஷரத்துதான் நீண்டகாலத்தில் அதிகம் கட்டிப்போடும் என்பது என் கணிப்பு. இன்றைக்குக் கோகோ விளையும் நாடு நாளைக்கு எந்தத் தாதுவைக் கண்டெடுக்கும் என்று ஒப்பந்தம் போடும்போது யாருக்கும் தெரியாது.

நிக்கல் வழக்கு இதைத் தெளிவாகக் காட்டும். இந்தோனேசியா 2020 ஜனவரி 1 முதல் நிக்கல் தாது ஏற்றுமதியைத் தடை செய்தது. இங்கே உருக்காலை வைத்தால்தான் தாது என்றது. அந்தத் தடை வருவதற்கு முன்பே, 2019 நவம்பரில், ஐரோப்பா உலக வணிக அமைப்பில் புகார் கொடுத்தது. 2022 நவம்பரில் தீர்ப்பு ஐரோப்பாவுக்குச் சாதகம். இந்தோனேசியா மேல்முறையீடு செய்தது. மேல்முறையீட்டு அமைப்போ 2019 டிசம்பர் முதல் போதிய நீதிபதிகள் இல்லாமல் முடங்கிக் கிடக்கிறது. வழக்கு அந்தரத்தில் தொங்க, சுலவேசியின் மொரோவாலியில் சீன முதலீட்டில் உருக்காலைகள் வரிசையாக எழுந்தன. அந்த ஆலைகளின் நிலக்கரிப் புகையையும் கடலில் கலக்கும் மண்ணையும் மறைத்துவிட்டு இதை வெற்றிக் கதையாகச் சொல்ல முடியாது. ஆனாலும் தாதுவாகப் போன பொருள் உருக்காகப் போகத் தொடங்கியது அந்தத் தடையால்தான்.

ஐரோப்பாவும் தன் வீட்டில் இதே தர்க்கத்தைத்தான் பின்பற்றுகிறது. 2024 மே மாதம் நடைமுறைக்கு வந்த முக்கிய மூலப்பொருள் சட்டம், 2030-க்குள் ஒன்றியத்தின் தேவையில் 10 சதவீதத்தை உள்நாட்டில் தோண்ட வேண்டும், 40 சதவீதத்தை உள்நாட்டில் பதப்படுத்த வேண்டும், 25 சதவீதத்தை மறுசுழற்சியில் எடுக்க வேண்டும், எந்த ஒரு வெளிநாட்டையும் 65 சதவீதத்துக்கு மேல் நம்பி இருக்கக் கூடாது என்று இலக்கு வைக்கிறது. கூடவே நமீபியா, காங்கோ ஜனநாயகக் குடியரசு, ஜாம்பியா, ருவாண்டா ஆகியவற்றோடு கூட்டாண்மைக் குறிப்புகளும் கையெழுத்தாகியுள்ளன. அவற்றில் உள்ளூரில் மதிப்புக் கூட்டுவது பற்றிய வாசகம் இருக்கிறது. தோண்டுவது 10, பதப்படுத்துவது 40 என்றால் இடைவெளியை நிரப்பும் தாது எங்கிருந்தோ தாதுவாகவே வந்தாக வேண்டும். ஒரே டன்னை ஜாம்பியாவிலும் சுத்திகரித்து ஐரோப்பாவிலும் சுத்திகரிக்க முடியாது. நமீபியா 2023 ஜூனில் பதப்படுத்தாத லித்தியம் ஏற்றுமதியைத் தடை செய்ததை இந்த இலக்கோடு சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டும்.

வரி குறைந்துகொண்டே வர, அந்த இடத்துக்கு ஆதாரம் கேட்கும் சட்டங்கள் வருகின்றன. கோகோவுக்கு இதில் முக்கியமானது 2023-இல் நிறைவேறிய காடழிப்புத் தடுப்புச் சட்டம். மாடு, கோகோ, காபி, செம்பனை, ரப்பர், சோயா, மரம் என்று ஏழு பொருள்கள். 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காடழித்த நிலத்தில் விளைந்தது எதுவும் ஐரோப்பியச் சந்தைக்குள் வரக் கூடாது. நோக்கத்தில் எனக்கு முழு உடன்பாடு; மேற்கு ஆப்பிரிக்கக் காடு கோகோவுக்காகக் கண்முன்னே கரைந்தது. 2024 இறுதியில் நடைமுறைக்கு வரவேண்டிய சட்டம் இரண்டு முறை ஒவ்வோர் ஆண்டாகத் தள்ளிப்போயிருக்கிறது. முதலிலேயே பணம் செலவழித்துத் தயாரானவர்களுக்கு அதுவும் ஓர் அடி.

நடைமுறை இப்படி. இறக்குமதி செய்பவர் ஒவ்வொரு சரக்குக்கும் ஓர் அறிக்கையை ஐரோப்பியத் தகவல் அமைப்பில் பதிய வேண்டும். கொட்டை விளைந்த ஒவ்வொரு தோட்டத்தின் புவியிடக் குறிப்பும் அதில் இருக்க வேண்டும். 4 ஹெக்டேர் வரை ஒரு புள்ளி போதும். அதற்கு மேல் தோட்ட எல்லையைச் சுற்றி வரைந்த பலகோணம். அட்சரேகை, தீர்க்கரேகை இரண்டிலும் தசமத்துக்குப் பின் ஆறு இலக்கம். தவறினால் அபராதத்தின் உச்ச வரம்பு ஆண்டு விற்றுமுதலில் 4 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. இந்தப் பயத்தில் இறக்குமதியாளர் கேள்வியைக் கீழே தள்ளுவார். அது ஏற்றுமதியாளர், கூட்டுறவு, கொள்முதல் குமாஸ்தா என்று இறங்கி, கடைசியில் 2, 3 ஹெக்டேர் வைத்திருக்கும் விவசாயியிடம் வந்து நிற்கும்.

அங்கே என்னென்ன தவறும் என்று பார்த்தால்தான் சட்டத்தின் எடை புரியும். ஆறாவது தசம இலக்கம் என்பது தரையில் 11 சென்டிமீட்டர். கோகோ மர நிழலின் கீழே கைபேசி காட்டும் இடம் ஐந்து, பத்து மீட்டர் தள்ளியிருப்பது சாதாரணம். அதனால் அடுத்தடுத்த தோட்டங்களின் எல்லைகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறும்; ஒரே மரத்துக்கு இரண்டு சொந்தக்காரர் என்று கணினி சொல்லும். தோட்டம் வரை நடக்கச் சோம்பி ஊர் நடுவில் நின்று புள்ளி எடுத்துவிடும் ஆள்களும் உண்டு. அப்போது முப்பது தோட்டங்கள் ஒரே பள்ளிக்கூட வாசலில் இருப்பதாகப் பதிவாகும். வரைபடக் கோப்பில் தீர்க்கரேகை முதலில், அட்சரேகை பிறகு. மக்கள் சொல்வது மாறி. மத்திய கானாவில் அட்சரேகை 6, தீர்க்கரேகை மைனஸ் 2 என்றால், இடம் மாற்றிப் போட்டதும் தோட்டம் கினி வளைகுடாக் கடலுக்குள் விழும். ஐவரி கோஸ்ட்டின் மைனஸ் 6-இல் கழித்தல் குறி விட்டுப்போனால் தோட்டம் நைஜீரியாவுக்குப் போய்விடும். அறிக்கையை அனுப்புவதற்கு முன் எல்லாப் புள்ளிகளையும் ஒரு முறை வரைபடத்தில் விரித்துப் பார்த்தாலே இவற்றில் பாதி அகப்படும்.

இதைவிடச் சிக்கலானது நிழல் மரம். கோகோவை மற்ற மரங்களின் நிழலில் வளர்ப்பது நல்ல பழக்கம். ஆனால் செயற்கைக்கோள் மேலிருந்து பார்க்கும்போது அடர்ந்த நிழல்தோட்டமும் காடும் ஒரே பச்சை. தண்டு வீக்க நச்சுயிரி தாக்கிய மரங்களைப் பிடுங்கி எறிவதுதான் அந்த நோய்க்கு வைத்தியம். 2022-இல் ஒருவர் நோய்கண்ட பழைய தோட்டத்தை அழித்து மறுநடவு செய்திருந்தால், 2020-இல் பச்சை, 2022-இல் வெறும் தரை என்று படம் காட்டும். காடழிப்பு என்று எச்சரிக்கை வரும். அது காடல்ல, தோட்டம் என்று நிரூபிக்கப் பழைய கொள்முதல் அட்டையோ, கூட்டுறவுப் பதிவோ வேண்டும். விளைச்சலில் பாதி, மூன்றில் ஒரு பங்கு என்று அபுனு, அபுசா முறையில் குத்தகைக்குப் பாடுபடுகிறவரிடம் நிலத்தின் காகிதம் எப்படி இருக்கும்?

கானாவின் கோகோபோட் வாரியம் விவசாயிகளைக் கணக்கெடுத்து அட்டை கொடுத்திருக்கிறது, தோட்டங்களை அளந்திருக்கிறது. ஐவரி கோஸ்ட்டின் காபி-கோகோ மன்றமும் அட்டை வழங்குகிறது. இது வீண்போகாத வேலை; உரமும் கடனும் சரியான கைக்குப் போக இந்தப் பதிவு உதவும். ஆனால் செலவு யாருடையது? 2020-21 பருவத்தில் இருந்து இரண்டு நாடுகளும் டன்னுக்கு 400 டாலர் வாழ்க்கை வருவாய்க் கூடுதல் என்று விலையில் சேர்த்தன. வாங்குபவர்கள் அதைக் கொடுத்தார்கள். ஆனால் அந்தந்த நாட்டுக் கொட்டையின் தரத்துக்காக வழக்கமாகத் தரும் கூடுதல் விலையைப் பூஜ்யத்துக்கும் கீழே தள்ளிப் பெரும்பகுதியை ஈடுகட்டிக்கொண்டார்கள். ஆதாரம் திரட்டும் செலவும் அதே பாதையில் விவசாயியின் விலையில் இருந்து கழியும் என்று அஞ்சுவதற்கு இந்த முன்னனுபவம் போதும். 2025 டிசம்பரில் செய்த திருத்தத்தில், தன் விளைபொருளைத் தானே சந்தையில் வைக்கும் சிறு உற்பத்தியாளருக்கு ஒரே ஒரு எளிய அறிக்கை போதும் என்று தளர்த்தினார்கள். ஐரோப்பாவில் மரமும் மாடும் வளர்ப்பவருக்கு அது நிம்மதி. கோகோ விவசாயி தானே கப்பல் ஏற்றுவதில்லை என்பதால் அவருக்கு அது எட்டாது.

நம் பக்கத்திலும் இதன் நிழல் விழுகிறது. ஏற்காட்டிலும் கீழ்ப்பழனியிலும் நீலகிரியிலும் சில்வர் ஓக் நிழலில் மிளகுக்கொடி படர, கீழே விளையும் காபியும் அதே பட்டியலில் இருக்கிறது. இத்தாலியும் ஜெர்மனியும் இந்தியக் காபியின் பெரிய வாடிக்கை. நிழல் மரத்தை முறைவைத்து வெட்டும் தோட்டக்காரர் வெட்டிய தேதி, வெட்டுவதற்கு முன்னும் பின்னும் எடுத்த படம், அனுமதிச் சீட்டு மூன்றையும் கோப்பில் வைத்திருப்பது நல்லது. இலங்கை மீனவர்களுக்கு ஆதாரச் சட்டம் புதிதல்ல. சட்டவிரோத மீன்பிடியைத் தடுக்கும் ஐரோப்பிய விதியின்படி 2015 ஜனவரியில் இலங்கை மீனுக்குத் தடை விழுந்தது. படகுகளில் இடங்காட்டிக் கருவி பொருத்தி, பிடித்த மீனைப் பதிவேட்டில் எழுதும் முறையைக் கொண்டுவந்த பிறகே 2016 ஜூனில் தடை நீங்கியது. இரும்பு, அலுமினியம், சிமென்ட், உரம் ஆகியவற்றுக்கு 2026 ஜனவரி முதல் கார்பன் எல்லைக் கட்டணம், அதாவது தயாரிப்பில் வெளியான கார்பனுக்கு ஏற்ப ஐரோப்பா வாங்கும் கட்டணம். அதிலும் அளந்து சான்று பெற்ற உமிழ்வுக் கணக்கு இல்லாத ஆலைக்கு, ஐரோப்பா வைத்திருக்கும் உயர்ந்த உத்தேச மதிப்பே கணக்காகும்.

திரும்பவும் கோகோ மூட்டைக்கே வருகிறேன். கிராமத்துக் கொள்முதல் கொட்டகையில் நாற்பது பேரின் கொட்டை ஒரே தரையில் கொட்டி, தரம் பார்த்து, மூட்டை கட்டப்படும். சட்டம் கலப்பதை அனுமதிக்கிறது, ஆனால் கலந்த எல்லாத் தோட்டமும் தெரிந்திருக்க வேண்டும். ஆதாரமுள்ள கொட்டையையும் இல்லாததையும் கலந்துவிட்டு, அளவைக் கணக்கில் மட்டும் ஈடுகட்டும் பழைய முறைக்கு இடமில்லை. நாற்பதில் ஒருவரின் புள்ளி இல்லை என்றால் அந்த மொத்தக் குவியலும் ஐரோப்பாவுக்கு ஆகாது. குமாஸ்தாவுக்குத் தெரிந்த சுலபமான வழி, புள்ளி இல்லாதவரின் கொட்டையை முதலிலேயே தனியாக ஒதுக்கி வைப்பது. ஒதுக்கிய மூட்டை ஆதாரம் கேட்காத வேறு சந்தைக்குப் போகும். அதற்கு என்ன விலை என்பதைத் தராசுக்கு முன்னால் நிற்கும் விவசாயி அன்றைக்குத்தான் கேட்டுத் தெரிந்துகொள்வார்.